ஏழு தண்ணீர்

தணிகாசலம் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தபோது நானும் அந்தக் கூடத்தில் நின்றிருந்தேன். அவன் அம்மா அங்கம்மாள் தாம்பாளத்தை அவன் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்.

"வர்ற மாசம் சோழவரத்துல இந்தக் காரு பத்து சுத்தும் ஓடி முடிச்சிதுன்னா நான் இனிமே வாயத் தொறக்கமாட்டேன். நடுவுல நின்னுதுன்னா என்ஜின கெயட்டி பம்பு ஓட்ட கெணத்துல வெச்சிடணும். சத்தியம் பண்ணு."

அவன் யோசிக்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். "உமாபதி இருக்கான்மா" என்று சொல்லிவிட்டுக் கையை வைத்தான். சுடர் அணைந்தது. அம்மா முன்னால் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தைத் திருப்புட்குழியில் யாரும் மீறியதில்லை. தணிகாசலமும் மீறுகிற ஆளில்லை.

அங்கம்மாள் கேட்டது அநியாயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அவர்கள் கிணற்றில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே போயிருந்தது. இரண்டு ஜோடி மாடு பூட்டி, தோல் சாலில் நாள் முழுவதும் கவலை இறைத்தாலும் அரை ஏக்கர்தான் நனைந்தது. மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. கொட்டகையில் துணி போர்த்திய ஓர் என்ஜின் சும்மா இருப்பதை அந்தம்மா தினமும் பார்த்துக்கொண்டே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

அந்த என்ஜின் இருந்த கார் எங்கள் இருவரையும்விட இரண்டு வயது மூத்தது. முப்பத்துநான்கில் இங்கிலாந்தில் செய்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, முன்பக்கம் நீளமாக மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து தணிகாசலம் வாங்கினான். நானும் அவனும் காஞ்சிபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் நிலத்துக்குப் போனான். நான் சாயப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தும் சாயத்துக்குப் போகாமல் ஐயம்பேட்டை ரோட்டில் ஷெட் போட்டு பஸ்ஸும் ஆயில் என்ஜினும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக அந்தக் காரை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. பஸ் என்ஜின் வயிற்றுப்பாட்டுக்கு. அந்தப் பச்சைக் காருக்கு மட்டும் நான் எழுந்ததும் முதல் நினைப்பைக் கொடுத்திருந்தேன்.

சோழவரத்தில் யுத்த காலத்து விமான மைதானம் ஒன்று உண்டு. அதன் ஓடுபாதையில் வருஷத்துக்கு ஒருமுறை கார் பந்தயம் நடக்கும். பழைய கார்களுக்குத் தனியாகப் பத்து சுற்று வைப்பார்கள். இரண்டு வருஷமாக எங்கள் கார் ஆறாவது சுற்றில் கொதித்து நின்றது. இரண்டு தடவையும் ஒரே சுற்று. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறும் இயந்திரத்துக்குக் காரணம் ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்குத் தைரியம்.

கார் ஏன் கொதிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். அது புரிந்தால்தான் பிறகு நடந்ததும் புரியும்.

எரிகிற பெட்ரோலின் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போய்விடும். மீதி என்ஜினின் இரும்புச் சுவரில் இறங்குகிறது. அதை அப்படியே விட்டால் இரும்பு பழுத்து உள்ளே இருக்கும் பிஸ்டன் கவ்விக்கொள்ளும். ஆகவே சுவருக்குள் ஓர் இடைவெளி விட்டு அதில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய பித்தளைக் குழாய்கள். எதிர்க்காற்று அந்தக் குழாய்களைத் தடவிச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

புதுக் கார்களில் தண்ணீரைத் தள்ள ஒரு பம்பு உண்டு. இதில் கிடையாது. இதில் தண்ணீர் தானாகவே சுற்றும். என் அண்ணன் கோதண்டபாணியின் சாயப் பட்டறையில் செப்பு அண்டாவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அடுப்பு மூட்டினால் நடுவில் இருக்கும் தண்ணீர் மேலே வரும், ஓரத்தில் ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். சூடான தண்ணீர் லேசு, ஆறிய தண்ணீர் கனம், அவ்வளவுதான் சங்கதி. இந்தக் காரும் அந்த அண்டாதான். சூடு ஒன்றே தண்ணீரைத் தள்ளுகிறது. அது மிகவும் மென்மையான கை. ஒரு குழந்தை கட்டிலைத் தள்ளுவது போல. வழியில் சிறிய தடை வந்தாலும் அதனால் தள்ள முடியாது.

அந்த ஒரு மாதத்தில் நான் தடைகளை ஒவ்வொன்றாகத் தேடினேன்.

முதலில் காற்று. ரேடியேட்டருக்கு முன்னால் வரும் காற்றெல்லாம் அதற்குள் நுழைகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் பார்ப்பது? பட்டறையில் அறுந்து விழுந்த பட்டு நூல் துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றை விரல் நீளத்துக்கு வெட்டி ரேடியேட்டரின் முகம் முழுவதும் கோந்து வைத்து ஒட்டினேன். தணிகாசலம் ஓட்ட, நான் முன் மட்கார்டு மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஐயம்பேட்டை ரோட்டில் நூல்களைப் பார்த்தேன்.

"இன்னாபா தெரியுது?" என்று கத்தினான் தணிகாசலம்.

"பக்கவாட்டுல போவுது! காத்து உள்ள பூரல, ஓரமா நழுவிக்கினு போவுது!"

"உயிரோட இருக்கியா மொதல்ல அத்த சொல்லு!"

ரோட்டில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ரேடியேட்டரின் நான்கு பக்கமும் தடுப்பு வைத்தேன். மறுநாள் நூல்கள் எல்லாம் ஒரே திசையில் உள்நோக்கி நேராகப் பறந்தன. அந்த நூல்களைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை என் மனைவி அம்சாவிடமே சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஒனக்கு அந்தக் காரு பேர்லயே ரேஷன் கார்டு எய்திக் குடுத்துடறேன்" என்றாள்.

அடுத்தது நெருப்புப்பொறி. அது சற்றுத் தாமதமாக விழுந்தால் பெட்ரோல் எரிந்து முடியாமல் வெளியேறும் வழியெல்லாம் எரிந்துகொண்டே போகும். சுவர் அனாவசியமாகச் சுடும். அதைச் சரியான நேரத்துக்கு நகர்த்தினேன். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவையும் சூடாக எரியும். அதனால் பெட்ரோல் வரும் துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கினேன்.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றி ஒலிமுகமதுபேட்டைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஷரீஃப் பாய் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார். ரேடியேட்டர் ஒழுகினால் காஞ்சிபுரத்துக்கே அவர்தான் கதி.

"தேக்சா பாத்திரம் கொண்டாறன்னு பாத்தா வெள்ளக்காரன் அடுப்ப தூக்கினு வந்துக்கிற" என்றார். "இதுல பிரியாணி ஆக்கினா கூட ருசியா இருக்கும்யா. கார்ல வெச்சி கெடுக்கிறியே."

"பாய், கொயாயெல்லாம் அடைச்சிக்கினு இருக்குது. ஒவ்வொண்ணா குத்தி எடுக்கணும்."

"எத்தினி கொயா?"

"நூத்தி எண்பத்தி நாலு."

"எண்ணிப்புட்டியா? அட அல்லா. நீ ராத்திரி பொண்டாட்டி முகத்த பாக்கறியா, இத்த எண்ணிக்கினு குந்தினு இருக்கியா?"

கேலி பேசினாலும் வேலையில் அவர் துல்லியம். ஊதுலையால் ஈயத்தை இளக்கி மேல்தொட்டியைத் தூக்கி எடுத்தார். பழைய குடைக் கம்பி ஒன்றைத் தட்டையாக்கி ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து கீழே விட்டு எடுத்தார். இரண்டு நாள் ஆனது. கடைசியில் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். நூற்று எண்பத்துநான்கு வெளிச்சப் புள்ளிகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"இப்ப ஓடும்" என்றார் பாய்.

மீதி இருந்தது என்ஜின் சுவருக்குள் இருந்த அழுக்கு. முப்பத்தைந்து வருஷத்துத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். அங்கே குடைக் கம்பி போகாது. கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு என்ன வேண்டும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். புழுக்கூட்டிலிருந்து வரும் கச்சாப் பட்டின்மேல் ஒரு பிசின் இருக்கும். சவுக்கார சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் பிசின் கழன்று பட்டு பளபளவென்று வெளியே வரும். அதற்கப்புறம்தான் சாயம் ஏறும். பட்டின் பிசினையே கழற்றுகிற தண்ணீர் இரும்பின் பிசுக்கைக் கழற்றாதா?

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மத்தியானம், காரைச் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த அண்ணன் பட்டறைக்கே ஓட்டிக்கொண்டு போனேன். செப்பு அண்டாவிலிருந்து கொதிக்கும் சவுக்காரத் தண்ணீரை மொண்டு என்ஜினுக்குள் ஊற்றி அரை மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு கீழ்க்குழாயைத் திறந்தேன். காப்பி டிகாக்ஷன் மாதிரி வந்தது. பார்க்கப் பார்க்க ஆனந்தம். மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். மூன்றாவது தண்ணீர் கண்ணாடிபோல வந்தது.

பட்டை உதறிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்னடா, மூணோட நிறுத்திட்ட? பட்டுக்கே ஏழு தண்ணி அலசறோம்."

"பட்டு இழ இழயா இருக்குது, சவுக்காரத்த புடிச்சி வெச்சிக்கும். இது இரும்புண்ணா."

"இரும்புன்னா சவுக்காரத்துக்கு பயமா? ஏழுன்னா ஏழுடா. அப்பா எண்ணிக்கிட்டே அலசுவாரு, ஞாபகம் இருக்குதா?" என்றவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஆனா இப்ப தண்ணி கீழ கெடக்குது. நாளிக்கி காலீல வா. ஊறி இருக்கும், மீதி நாலையும் ஊத்திக்கோ."

எங்கள் பட்டறைக் கிணற்றுத் தண்ணீர் உப்போ சுண்ணாம்போ இல்லாத மெல்லிய தண்ணீர். அந்தத் தண்ணீருக்காகத்தான் எங்கள் தாத்தா அந்த இடத்தையே பிடித்தார். காலையில் வந்திருக்கலாம். ஏழு மணிக்கு ஊற்று மேலே வந்திருக்கும். ஆனால் சனிக்கிழமை பகலுக்குள் கார் சோழவரத்தில் இருக்க வேண்டும், பரிசோதனை உண்டு. வெயிலுக்கு முன் போய்விடலாம் என்று விடியும்போதே கிளம்பினோம். முந்தின நாள் மாலையே அந்தக் கிணற்றில் மிச்சமிருந்ததை மொண்டு காருக்குள் நிரப்பிக்கொண்டேன். வழிக்கும் பந்தயத்துக்கும் இரண்டு தகரத்தில் அதையே பின்னால் கட்டி எடுத்துக்கொண்டேன்.

பூந்தமல்லி தாண்டியபோது என் முதுகு நனைந்தது. ஒரு தகரத்தின் ஓரம் குலுக்கலில் பிளந்து தண்ணீர் முழுவதும் போயிருந்தது. இன்னொன்றில் பாதிதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய தண்ணீரை இறக்கினேன். துரு கலந்து பழுப்பாக வந்தது. அதை விட்டு ஓட்டக்கூடாது. மீண்டும் நிரப்பக் கையில் இருந்தது போதவில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு. நாக்கில் சுண்ணாம்பு ஒட்டியது.

"பரவால்லியா?" என்றான் தணிகாசலம்.

நான் சரியாகவே யோசித்தேன், அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை. உப்புத் தண்ணீர் என்ஜினுக்குக் கெடுதல், ஆனால் அது மாசக்கணக்கில் செய்கிற கெடுதல். சுண்ணாம்பு படிந்து படிந்து குழாய் அடைய ஒரு வருஷமாவது ஆகும். பந்தயம் முப்பது நிமிஷம். சாயங்காலம் இறக்கிவிடலாம். மெக்கானிக்காக நான் போட்ட கணக்கில் பிழையே இல்லை.

"அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆவாது. ஊத்து" என்றேன்.

பந்தயம் பதினொரு மணிக்கு. ஒன்பது கார்கள். ஓடுபாதையின் கான்கிரீட் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. எங்கள் காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு சிறிய கண்ணாடி வட்டம் உண்டு. உள்ளே சூடு அளக்கும் சிவப்பு இழை. பக்கத்தில் வரும்போது நான் அதைத்தான் பார்த்தேன். முதல் சுற்றில் இழை பாதி அளவில் நின்றது. மூன்றில் அதே இடம். ஐந்தாவதில் அதே இடம். ஆறாவது சுற்று வந்தது, போனது. ஆவி இல்லை. நான் கையிலிருந்த துண்டை ஆகாயத்தில் வீசினேன். தணிகாசலமும் ஒரு கையைத் தூக்கினான், பற்கள் மட்டும் தெரிந்தன. ஏழாவது. எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள்தான். ஜெயிக்க வேண்டியதே இல்லை, முடித்தால் போதும்.

எட்டாவது சுற்றில் சிவப்பு இழை விரற்கடை ஏறியிருந்தது. வெயில் ஏறுகிறது, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதாவதில் அது உச்சியைத் தொட்டிருந்தது. பத்தாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் வெள்ளையாக ஒரு கொடி தெரிந்தது. ஆவி.

அவன் நிறுத்தவில்லை. நேர்ப்பாதைக்கு வந்துவிட்டான். முடிவுக் கோட்டைக் கண்ணால் பார்த்திருப்பான். பிறகு டப் என்று ஒரு சத்தம். என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் செப்புத் தகடு கிழிந்த சத்தம். கார் தானாக உருண்டு, வேகம் குறைந்து, முடிவுக் கோட்டுக்கு இருநூறு கஜம் முன்னால் நின்றது. தள்ளிக்கொண்டு போக விதி இடம் கொடுக்காது. தன் என்ஜினால் கடக்க வேண்டும்.

நான் வாளியோடு ஓடினேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி ஊத்து, உமாபதி."

"இப்ப ஊத்தினா இரும்பு வெடிச்சிடும்பா. ஆறணும்."

"எத்தினி நேரம்?"

"முக்கா மணி."

அவன் கோட்டைப் பார்த்தான். "இங்கேருந்து கல்லு வீசினா அங்க வியும்டா" என்றான். வாளி என் கையில் கனத்தது. எங்களைக் கடந்து கார்கள் ஒவ்வொன்றாகப் போய் முடித்தன. பிறகு மைதானம் அமைதியானது. எங்கள் கார் மட்டும் உள்ளே குமுறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஷரீஃப் பாயிடம் ரேடியேட்டரைக் கொண்டுபோனேன். ஏன் என்று தெரிய வேண்டும். அவர் மறுபடி மேல்தொட்டியைத் தூக்கினார். தூக்கியவர் திரும்பி என்னைப் பார்த்தார். குழாய் வாய்கள் தெரியவில்லை. அவற்றின் மேல் அழுக்கு வெள்ளையாக ஒரு படலம், மோர் திரிந்ததுபோலத் திப்பி திப்பியாக.

"இன்னாய்யா இது? பால் ஊத்தினியா?"

விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழுக்கியது. முகர்ந்தேன். அண்ணன் பட்டறை வாசனை.

உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டுக் குளித்துப் பாருங்கள். நுரை வராது. உடம்பில் வெள்ளையாகத் திப்பி ஒட்டும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் சவுக்காரமும் சேர்ந்தால் இரண்டும் கரையாத ஒன்றாக மாறிவிடும். எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். இதற்குப் பயந்துதான் உப்புத் தண்ணீர் பக்கமே பட்டைக் காட்டமாட்டார்கள். இதற்காகத்தான் ஏழு தண்ணீர். என்ஜினின் அடிப்பகுதியில் வடிகுழாயைவிடத் தாழ்வான பள்ளங்கள் உண்டு. எத்தனை முறை திறந்துவிட்டாலும் அங்கே கொஞ்சம் சவுக்காரம் தங்கும். மூன்று தண்ணீரில் அது போகவில்லை. மெல்லிய தண்ணீர் இருந்தவரை தொந்தரவும் தரவில்லை. நான் சோழவரத்துச் சுண்ணாம்பை ஊற்றினேன். அது திரிந்து, லேசாக மிதந்து, தண்ணீரோடு மேலே ஏறி, பாய் குத்தித் திறந்த நூற்று எண்பத்துநான்கு வாய்களையும் ஒவ்வொன்றாக மூடியது. குழந்தையின் கை கட்டிலைத் தள்ளப் பார்த்து ஓய்ந்தது.

நான் மெக்கானிக்காக யோசித்தேன். சாயக்காரன் மகனாக ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

பாய் ஊதுலையை அணைத்தார். "தணிகாசலத்துக்கு தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாத." முதல் முறையாக அவர் குரலில் கேலி இல்லை. "கெய காரு, அதோட ஆயுசு அவ்ளோதான்னு வுட்டுடு. அவன் அப்டியே நெனச்சிக்கட்டும்."

பதினைந்து நாளில் என்ஜினைக் கழற்றினோம். தணிகாசலம் தானே வந்து ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிக் கொடுத்தான். செப்புத் தகடு புதிதாக பாய் வெட்டித் தந்தார். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

பம்பு மேலே இருந்து நாற்பது அடி ஆழத்துத் தண்ணீரை உறிஞ்சாது. உண்மையில் பம்பு எதையும் இழுப்பதில்லை. குழாயில் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது, கிணற்றின்மேல் இருக்கும் காற்று தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. அந்த அழுத்தத்துக்கு இருபது இருபத்தைந்து அடிதான் முடியும். ஆகவே கிணற்றுக்குள்ளேயே இருபதடியில் சுவரைக் குடைந்து கல் மேடை கட்டினோம். புகை மேலே போக நீளமாக ஒரு குழாய். பிறகு கவலை மாடுகளைக் கொண்டே, அந்தக் கயிற்றிலேயே, என்ஜினைக் கட்டி உள்ளே இறக்கினோம். அறுபது மைல் வேகத்தில் என்னை மட்கார்டில் சுமந்துகொண்டு போன என்ஜின், கயிற்றில் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருட்டுக்குள் போனது. தணிகாசலம் மாடுகளைப் பிடித்திருந்தான். எட்டிப் பார்க்கவில்லை.

அதைக் குளிர்விக்க நான் செய்த ஏற்பாடு இதுவரை நான் செய்ததிலேயே எளிமையானது. பம்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எடுத்து என்ஜினின் அடியில் கொடுத்தேன். மேலே வரும் தண்ணீரை வாய்க்காலில் விட்டேன். ரேடியேட்டர் வேண்டாம், காற்றாடி வேண்டாம், தகரத் தடுப்பு வேண்டாம். எப்போதும் புதுத் தண்ணீர், எப்போதும் ஒரே குளிர்ச்சி. பிறந்த நாளிலிருந்து அதற்குக் கிடைக்காதது. எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. என்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது. செலவு குறைய அதை மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றியிருந்தேன்; அப்படிக் குளிர்ந்தால் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் எண்ணெயில் இறங்கிவிடும். சூடு ஏறட்டும் என்று நானே குழாயைத் திருகிப் பாதியாக மூட வேண்டியிருந்தது.

முதல் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது அங்கம்மாள் கையில் ஏந்தி முகத்தில் தெளித்துக்கொண்டார். ஜெயித்த முகம் இல்லை அது. பயிர் பிழைத்த முகம். "நல்ல என்ஜின்பா, உமாபதி" என்றார். "கூழு இருக்குது, குடிச்சிட்டு போ."

ஆடி மாதம் எண்ணெய் மாற்றப் போனேன். கிணற்றுப் படியில் இறங்கி, என்ஜினை நிறுத்தி வேலை செய்துகொண்டிருந்தபோது தணிகாசலம் வந்து மேடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என்ஜினை உள்ளே வைத்த பிறகு அவன் அங்கே இறங்கியது அதுதான் முதல் தடவை. தினமும் இயக்கி நிறுத்துவதை ஆள் வைத்துத்தான் செய்துவந்தான். மெலிந்திருந்தான். முகம் மட்டும் அமைதியாக இருந்தது.

"சூடாவுதா?" என்றான்.

"எங்க. ஆவவே மாட்டேங்குது."

இருவரும் கொஞ்சம் சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. ஐந்து மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை அங்கே இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அண்ணன் சொன்னது, ஏழு, மூன்று, கைப்பம்பு, பாய் தொட்டியைத் தூக்கியபோது பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு விளக்கத் தெரியும். நன்றாகவே விளக்கினேன். பள்ளத்தில் சவுக்காரம் எப்படித் தங்கும் என்று என்ஜினைத் தொட்டே காட்டினேன்.

அவன் முழுவதும் கேட்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ… சவுக்காரம் இல்லன்னா முடிச்சிருக்குமா?"

"முடிச்சிருக்கும்."

"நிச்சயமா?"

"ஏயாவது சுத்து வரைக்கும் செவப்பு அசையவே இல்லியேபா. நிச்சயமா."

அவன் என்ஜினைப் பார்த்தான். மேலே வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கெய காரு, அதால முடியாதத நாமதான் கேட்டுட்டோம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான் மெதுவாக. "அத்த நெனச்சா கொஞ்சம் தூக்கம் வந்துக்கினு இருந்துது." எழுந்தான். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான். "நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்பா."

படிகளில் ஏறிப் போனான். அவன் தலை கிணற்று வாயைத் தாண்டி மறைந்த பிறகும் நான் அங்கேயே இருந்தேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்ஜினின் தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையை வைத்திருக்கலாம். சுடாது.